மார்க் இருக்கிறது, தயார்தானா?

மகள் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறாள், எல்லாப் பாடத்திலும் 90-க்குக் குறையாமல் வாங்குகிறாள், ஆனாலும் அவளுடைய ஆசிரியர் ஒருவர் "நல்லாப் படிக்கிறா, ஆனா காலேஜுக்கு இன்னும் தயாராகல" என்று சொல்லிவிட்டார், மார்க்குக்கு மேலே என்னதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடங்களாகக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். முதல் தேர்வின் விடைத்தாளைக் கொடுக்கிற நாளில், வகுப்பு கலைந்த பிறகு இரண்டு மூன்று பேர் மேசைப் பக்கம் வந்து நிற்பார்கள். பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். "சார், வகுப்புல எல்லாமே புரிஞ்சுது. டெஸ்ட்டுலதான் வரல." வருடா வருடம் ஆள் மாறும், வாக்கியம் மாறாது. பொய் சொல்கிறார்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. புரிந்தது என்று அவர்கள் மனதார நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைத் தேர்வுக்கு முன்னால் ஒருமுறை உரசிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் பள்ளியில் அந்த வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வாரத் தேர்வு, வீட்டுப்பாட நோட்டு, "நேத்து ஏன் வரல" என்று கேட்கிற ஆசிரியர், வீட்டில் நீங்கள். பிள்ளைக்கு ஒரு பாடம் பிடிபடவில்லை என்றால், அது பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்பே சுற்றியிருக்கிற நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கல்லூரியில் இந்த நாலு பேரும் ஒரே நாளில் காணாமல் போகிறார்கள். ஒரு செமஸ்டருக்கு இரண்டோ மூன்றோ தேர்வு. முதல் தேர்வு வருவதற்குள் பாடத்தில் கணிசமான பகுதி ஓடியிருக்கும். என்னைக் கேட்டால் தயார் என்பது இதுதான்: தனக்குப் புரியவில்லை என்பதை யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததும் அதற்கு ஏதாவது செய்வது. மகளின் ஆசிரியர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைத்தான் பார்த்திருப்பார் என்று ஒரு சந்தேகம்.

அதற்காக மார்க்கை உதறிவிடச் சொல்லவில்லை. சிகாகோ நகர அரசுப் பள்ளிகளில் படித்து முடித்த 55,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை எலைன் ஆலன்ஸ்வொர்த், கேலி கிளார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லூரிப் படிப்பை யார் முடிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில், ஏசிடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைவிடப் பள்ளியின் சராசரி மதிப்பெண் ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. ஒரு காலைப் பொழுதில் எழுதுகிற தேர்வு, அந்தக் காலைப் பொழுதைப் பற்றித்தான் சொல்லும். நான்கு வருட மார்க் வேறு ரகம். விருப்பமில்லாத பாடத்துக்கும் உட்கார்ந்தது, அசைன்மென்ட்டை நாள் தவறாமல் கொடுத்தது, சரிந்தபோது எழுந்தது எல்லாம் அதில் கலந்திருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். அந்த மார்க்கில் எத்தனை பங்கு மகளுடையது, எத்தனை பங்கு அவளைச் சுற்றியிருந்த நாலு பேருடையது என்று மார்க்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாலையில் யார் எழுப்பினார்கள்? எந்தப் பாடத்தை எப்போது படிக்க வேண்டும் என்று யார் அட்டவணை போட்டார்கள்? முக்கியமான கேள்விகள் எவை என்று யார் கோடு போட்டுக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் 'அவள்தான்' என்று பதில் வந்தால், நீங்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தயார், தயாரில்லை என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு பேசுகிறோம். இதை அளக்க முயன்றவர்களே அப்படிப் பேசுவதில்லை. ஏசிடி தேர்வை நடத்துகிறவர்கள், 36-க்குக் கணிதத்தில் 22 வாங்கினால் தயார் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்த 22-க்கு என்ன பொருள் தெரியுமா? முதலாம் ஆண்டுக் கணிதத்தில் 'பி' கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்க 50 சதவீத வாய்ப்பு, 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கச் சுமார் 75 சதவீத வாய்ப்பு. அவ்வளவுதான். கோட்டைத் தொட்டு நிற்கிறவர்களிலும் நாலில் ஒருவர் தடுமாறலாம், கோட்டுக்குக் கீழே இருக்கிற பலர் கரையேறலாம். மழை வருமா என்று சொல்வது மாதிரிதான்.

சரி, புரிந்தது என்ற அந்தப் பொய் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டுரை கொடுத்தார்கள். ஒரு பிரிவு நான்கு அமர்விலும் அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒரு அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று அமர்விலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. எனக்கு இதில் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த பிரிவினர்தான்.

பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அந்த முதல் பிரிவு மாதிரிதான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் கோடு போட்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. படிக்கப் படிக்க வரிகள் பழகிவிடுகின்றன, பழகினதை மனம் 'தெரிந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் இது ஓடும். வாரத் தேர்வு அடிக்கடி வந்து நினைவிலிருந்து எடுக்க வைத்துவிடும், அதாவது இரண்டாம் பிரிவின் வேலையைப் பள்ளியே செய்து கொடுத்துவிடும். கல்லூரியில் அந்த வாரத் தேர்வு இல்லாதபோதுதான் முறையின் ஓட்டை தெரியும். என்னிடம் வந்து நிற்கிற பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்பது: "கணக்கை நோட்டைப் பார்த்துப் பின்பற்றினியா, நோட்டை மூடிட்டு வெள்ளைத் தாளில் போட்டியா?" பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வரும்.

வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. நேற்று நடத்திய பாடத்தை, புத்தகம் இல்லாமல், உங்களுக்கு ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. எங்கே தடுக்கிறது என்று அவளுக்கே கேட்கும். தடுக்கிற இடத்தை அவளே நோட்டில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இதை நீங்கள் தினமும் செய்யாதீர்கள், அப்புறம் நீங்களே அந்த நாலாவது ஆளாகிவிடுவீர்கள்.

அடுத்தது நேரம். ஐரோப்பியக் கல்லூரிகளில் ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக வருடத்துக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலை. அமெரிக்கக் கணக்கில் வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபட்டாலும் விஷயம் ஒன்றுதான்: வகுப்பு என்பது சிறு பகுதி, பெரும்பகுதி வெளியே, யாரும் மணி அடிக்காத நேரத்தில். புதிதாக வருகிற பிள்ளைக்குக் கால அட்டவணையில் தெரிவதெல்லாம் காலி இடங்கள்தான். செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க ஓய்வு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காலி இடத்தை நிரப்பத் தெரிந்தாலும், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணிப்பு எல்லோருக்குமே தப்பும். 1994-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. இவர்கள் கல்லூரியை முடிக்கப் போகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதனால் உங்கள் மகள் எல்லாவற்றையும் கச்சிதமாகத் திட்டமிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தன் கணிப்பு தப்பும் என்று தெரிந்து, கடைசி நாளுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் போதும். பள்ளியில் அவள் கடைசி இரவில் உட்கார்ந்து செய்த ப்ராஜெக்ட் ஒவ்வொன்றும் அவளுக்கு நேர்மாறான பாடத்தைக் கற்றுக் கொடுத்திருக்கும்: கடைசி இரவு போதும் என்று. அங்கே பணி சின்னது, அதனால் போதும். நான்கு வார வேலை ஒரே இரவில் அடங்காது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். கண்டுபிடித்தாயிற்று, புரியவில்லை. இப்போது என்ன செய்வாள்?

யூரி ட்ரைஸ்மன் என்று ஒரு கணித ஆசிரியர். 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே முதலாம் ஆண்டில் கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களிடம் கேட்டால் தயாராகப் பதில் வைத்திருந்தார்கள்: ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வருமானம் குறைவு. ட்ரைஸ்மன் இந்த ஊகங்களை நம்பி உட்காராமல், ஒவ்வொரு பிரிவிலும் 20 மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒன்றரை வருடம் கூடவே இருந்து பார்த்தார்.

ஊகங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஊக்கத்தோடுதான் வந்திருந்தார்கள், பெற்றோர்கள் அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பாடுபட்டிருந்தார்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று பாடத்தில் சொல்லப்பட்டிருந்தது, எட்டு மணி நேரம் படித்தார்கள். தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள். அதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தனியாக, மீதி நண்பர்களோடு சாயங்காலம் உட்கார்ந்து. ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்ப்பார்கள், பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்ப்பார்கள், யாருக்கும் வராத கணக்கு இருந்தால் அது கணக்கின் கஷ்டம் என்று புரிந்துகொள்வார்கள். தனியாக உட்கார்ந்தவருக்கு அந்த ஒப்பீடு கிடைக்கவே இல்லை. கணக்கு வரவில்லை என்றால் தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

தனியாகவே, யார் உதவியும் இல்லாமல் படிப்பதுதான் பள்ளியில் அவர்களைக் காப்பாற்றிய பழக்கம் என்பது இதில் வலிக்கிற விஷயம். கவனம் சிதறாமல், கூட்டத்தோடு சேராமல் படித்ததால்தான் பெர்க்லி வரை வந்தார்கள். வந்த இடத்தில் அதுவே காலை வாரிவிட்டது. ட்ரைஸ்மன் அதன் பிறகு நடத்திய கூட்டுப் பயிற்சியில் எளிய கணக்கு கொடுத்துக் கைதூக்கிவிடவில்லை, வேண்டுமென்றே கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். அதில் சேர்ந்த மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள், அந்த முறை பிறகு வேறு பல கல்லூரிகளுக்கும் போனது.

'யாரையும் தொந்தரவு பண்ணாம தானே படிச்சுக்குவா' என்று பெற்றோர்கள் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வருவது இதனால்தான். ஒரு ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டி, "மூன்றாவது வரி வரைக்கும் வந்தேன், நாலாவது எப்படி வந்ததுன்னு தெரியல" என்று கேட்பது ஒரு திறமை. "எதுவுமே புரியல சார்" என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவோ தூரம். முதலாவதைக் கேட்கிற பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் உதவிவிடலாம். இரண்டாவதைக் கேட்கிற பிள்ளைக்கு, எங்கே தொலைத்தோம் என்று தேடவே ஒரு மணி நேரம் ஆகும், பாவம், பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

பாட அறிவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அவளுக்கு அது இருக்கிறது என்று மார்க் சொல்கிறது. என் பாடத்தில் மட்டும் ஒரு வார்த்தை: கால்குலஸில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் கால்குலஸில் விழுவதில்லை. பின்னத்தைச் சுருக்குவது, அடுக்குக்குறி, ஒரு சமன்பாட்டை மாற்றி எழுதுவது, இந்தப் பழைய இடங்களில்தான் கை நடுங்கும். அதேபோல நீளமான, யாரும் சுருக்கித் தராத ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், அதை நான் ஏற்கிறேனா என்று ஒரு பக்கம் எழுதத் தெரிய வேண்டும். நோட்ஸை மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளைக்கு இது முதல் வருடத்தில் திணறலாக இருக்கும்.

டேவிட் கான்லி என்ற கல்வி ஆய்வாளர் 2007-இல் இந்தத் தயார்நிலையை நான்காகப் பிரித்தார்: யோசிக்கிற முறை, பாட அறிவு, படிப்புப் பழக்கம், கல்லூரி என்ற இடம் எப்படி இயங்குகிறது என்கிற புரிதல். நாலாவதைத்தான் யாரும் பாடமாக நடத்துவதில்லை. எந்தப் படிவத்தை எப்போது கொடுக்க வேண்டும், உதவித்தொகைக்கு யாரைப் பார்க்க வேண்டும், ஒரு பாடத்தை விட்டுவிடக் கடைசி நாள் எது. பெற்றோர் கல்லூரிக்குப் போயிருந்தால் இது சாப்பாட்டுப் பேச்சிலேயே பிள்ளைக்கு வந்துவிடும். வீட்டில் முதல் ஆளாகப் போகிற பிள்ளை இதற்காகவே தடுமாறும், அறிவு குறைந்து அல்ல. இடம் கிடைத்தும், பள்ளி முடிந்த விடுமுறைக்குள் ஏதோ ஒரு படிவத்திலோ கட்டணத்திலோ சிக்கிக் கல்லூரிக்கே போகாமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதற்குக் 'கோடை உருகல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். துணி துவைப்பது, காசை மாதக் கடைசி வரை நீட்டுவது எல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிடும், அதற்கு நான் கவலைப்படுவதில்லை.

இப்போது அந்த ஆசிரியரின் 'தயாராகல' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவுகள் 2016-இல் வெளியாயின. கணிதத்துக்குத் தயாரில்லை, முதலில் அடிப்படை இயற்கணிதம் படிக்க வேண்டும் என்று தேர்வு சொல்லிவிட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதே அடிப்படை வகுப்பு, இன்னொன்றுக்கு அதனோடு வாராந்திரப் பயிற்சி, மூன்றாவதை நேராகக் கல்லூரி அளவிலான புள்ளியியல் வகுப்பில் உட்கார வைத்து வாராந்திரப் பயிற்சியும் கொடுத்தார்கள். தேறியவர்கள் முறையே 39, 45, 56 சதவீதம். கீழ்ப்படியில் நிறுத்தியவர்களைவிட, 'தயாரில்லாத' பாடத்தில் துணையோடு உட்கார்ந்தவர்கள் அதிகம் தேறினார்கள். பாடமே வேறு என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. ஆனால் தயார்நிலையில் ஒரு பங்கு கல்லூரியின் கையிலும் இருக்கிறது என்பது தெரிகிறது. சேரப் போகிற கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதலாம் ஆண்டில் தடுமாறுகிறவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். "தடுமாற மாட்டாங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மீதியிருக்கிற மாதங்களில் ஒன்றிரண்டு விஷயங்களை அவள் கையில் விட்டுவிடுங்கள். காலையில் எழுப்புவதை நிறுத்துங்கள். ஒரு பாடத்துக்கு, ஒரே ஒரு பாடத்துக்கு, அவளே அட்டவணை போட்டு, அவளே தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும், நீங்கள் கேட்கக் கூடாது. அதில் மார்க் 90-லிருந்து 78-க்கு இறங்கலாம். இப்போது இறங்கினால் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த 78-ஐப் பார்த்து அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். எனக்கு அந்த 90-ஐவிட அதில் ஆர்வம் அதிகம். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் இரண்டு தோழிகளோடு சேர்ந்து கணக்குப் போடட்டும், பாதி நேரம் அரட்டைதான் போகும், போகட்டும்.

அப்புறம், அந்த ஆசிரியர் என்ன பார்த்து அப்படிச் சொன்னார் என்று நீங்கள் போய் விசாரிக்க நினைத்திருப்பீர்கள். போகாதீர்கள். மகளை அனுப்புங்கள். "என்கிட்ட எது குறையுதுன்னு உங்களுக்குத் தோணுது சார்?" என்று அவளே அவர் முன்னால் நின்று கேட்டு, வருகிற பதிலை எழுதிக்கொண்டு வரட்டும்.